பூஸ்டர் டோஸ்: யாருக்கு, எப்போது, எங்கே? 2022 செப்டம்பர் 30 வரை இலவசமாகப் போடப்பட்டது... முழு விவரம்!

386 ரூபாய் 25 காசு. 2022 ஏப்ரல் மாதத்திலிருந்து, 60 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பூஸ்டர் ஊசி போட வேண்டுமென்றால் தனியார் மருத்துவமனையில் கொடுக்க வேண்டியிருந்த தொகை இது. ஊசிக்கு 225 ரூபாய், அதற்கு 5 சதவிகித வரி, போட்டுவிடுவதற்கான சேவைக் கட்டணம் அதிகபட்சம் 150 ரூபாய். ‘அடுத்த மாசம் சம்பளம் வரட்டும், பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டவர்கள் நம்மில் நிறைய பேர். 18 முதல் 59 வயதுவரை உள்ளவர்களில் 2022 ஜூலை பாதிவரை பூஸ்டர் போட்டுக்கொண்டவர்கள் ஒரு சதவிகிதம்கூட இல்லை என்பதுதான் அப்போதைய நிலவரம்.

பிறகு அந்தக் காரணம் இல்லாமல் போனது. சுதந்திர தினத்தின் 75-வது ஆண்டையொட்டி, 2022 ஜூலை 15-ம் தேதி முதல் 75 நாள்களுக்கு, 18 வயது நிறைந்த எல்லோருக்கும் அரசு மையங்களில் பூஸ்டர் இலவசமாகப் போடப்பட்டது. செப்டம்பர் 30-ம் தேதியோடு இந்தச் சலுகை முடிந்தது. 

‘அதான் கொரோனா போயிடுச்சே, இப்ப எதுக்குங்க ஊசி?’ என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. ‘எனக்கு ஜூன்லதான் வந்துபோச்சு, நானும் போடணுமா?’, ‘வேற கம்பெனி ஊசி போடலாமா?’, ‘எங்க பாட்டிக்கு எப்போ?’ எனக் கேள்விகள் வரிசைகட்டி நின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன்னால் ஒரு விஷயம். உங்களுக்கு வேண்டியிருந்த பதில்களில் பாதி உங்கள் கையில் இருந்த போனிலேயே இருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கான பதிலும் பெரும்பாலும் அதே போனில்தான் இருந்தது. ஏன் என்று கீழே சொல்கிறோம்.

பூஸ்டர், கூடுதல் டோஸ், முன்னெச்சரிக்கை டோஸ்... மூணும் ஒண்ணுதானா?

பேச்சில் மூன்றையும் கலந்துகட்டிச் சொல்கிறோம். ஆனால், மருத்துவத்தில் இவற்றுக்குள் வித்தியாசம் உண்டு.

பூஸ்டர் என்பது, முதல் இரண்டு டோஸ்களும் நன்றாக வேலை செய்து, மாதங்கள் போகப்போக அந்தப் பாதுகாப்பு குறையும்போது அதைத் திரும்பத் தூக்கிவிடுவதற்காகப் போடுவது. பழைய பாடத்தை உடம்புக்கு ஒருமுறை ரிவிஷன் செய்துகாட்டுவது போல.

கூடுதல் டோஸ் என்பது வேறு. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் போன்றோருக்கு முதல் இரண்டு டோஸ்களே போதிய பாதுகாப்பைக் கொடுக்காமல் போகலாம். அவர்களுக்கு அந்த அடிப்படைக் கணக்கை முடிக்கவே மூன்றாவது ஊசி தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2021 அக்டோபரில் இவர்களுக்குக் கூடுதல் டோஸைப் பரிந்துரைத்தது. அமெரிக்கா அதற்கு முன்பே, 2021 ஆகஸ்ட்டில், இதற்கு அனுமதி கொடுத்துவிட்டது.

முன்னெச்சரிக்கை டோஸ் என்பது நம் நாட்டில் மூன்றாவது ஊசிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் பெயர். 2021 டிசம்பர் 25 அன்று பிரதமர் இதை அறிவித்தபோது இந்தப் பெயரைத்தான் பயன்படுத்தினார். கோவின் தளத்திலும், சான்றிதழிலும் இந்தப் பெயரே இருக்கும். அங்கே ‘பூஸ்டர்’ என்று தேடிக் குழம்பாதீர்கள். இந்தக் கட்டுரையில் நாம் பேச்சு வழக்குப்படி பூஸ்டர் என்றே சொல்வோம்.

ரெண்டு ஊசி போட்டாச்சே... இன்னொண்ணு எதுக்கு?

தடுப்பூசி போட்டதும் உடம்பு இரண்டு வேலைகளைச் செய்கிறது. வைரஸைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. கூடவே, அந்த வைரஸின் அடையாளத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் நினைவு செல்களையும் உருவாக்குகிறது. ஆன்டிபாடிகள் வாசலில் நிற்கும் காவலர்கள் என்றால், நினைவு செல்கள் ஆபத்து வந்தால் படையைத் திரட்டும் ஆள்கள்.

வாசல் காவலர்களின் எண்ணிக்கை மாதங்கள் போகப்போகக் குறைவது இயல்பு. சுமார் ஆறு மாதங்களில் இது நன்றாகவே குறைந்துவிடுகிறது என்று நம் நாட்டு ஆய்வுகளும் வெளிநாட்டு ஆய்வுகளும் சொன்னதால்தான் பூஸ்டருக்கான இடைவெளியே மாற்றப்பட்டது. நினைவு செல்கள் அதைவிட நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் இரண்டு டோஸ் போட்டவர்களுக்கும் கொரோனா வருகிறது. ஆனால், பெரும்பாலானவர்கள் மருத்துவமனைப் பக்கம் போகாமலேயே மீண்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் பூஸ்டர் வேண்டாமே என்று தோன்றலாம். இரண்டு விஷயங்கள் குறுக்கே நிற்கின்றன. ஒன்று, ஒமைக்ரான். 2021 நவம்பர் இறுதியில் பெயர் சூட்டப்பட்ட இந்த உருமாறிய வைரஸ், தன் முகத்தை நிறையவே மாற்றிக்கொண்டு வந்தது. பழைய ஆன்டிபாடிகளில் பலவற்றை ஏமாற்றிவிடுகிறது. பூஸ்டர் போடும்போது ஆன்டிபாடிகளின் அளவு ஏறுவதோடு, மாறிய முகத்தையும் ஓரளவு அடையாளம் காணும் திறனும் கூடுகிறது. இரண்டாவது, வயது. இருபத்தைந்து வயதில் நமக்கு மூன்று நாள் காய்ச்சலாகப் போவது, எழுபது வயதில் சர்க்கரை நோயும் சேர்ந்திருக்கும் ஒருவருக்கு அப்படிப் போகாது. அந்த எழுபது வயதுக்காரர் பெரும்பாலும் நம் வீட்டில்தான் இருக்கிறார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பூஸ்டர் போட்டால் கொரோனா வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொற்றைத் தடுக்கும் சக்தி சில மாதங்களில் மறுபடியும் குறையும். நோய் தீவிரமாகாமல் காப்பதுதான் அதன் முக்கியமான வேலை. அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது.

யாருக்கு, எப்போது? மாறிக்கொண்டே வந்த விதிகள்

‘ஒன்பது மாசம்னு சொன்னாங்களே?’ என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. தப்பு அவர்கள்மேல் இல்லை. விதி பலமுறை மாறியிருக்கிறது.

2022 ஜனவரி 10: சுகாதாரப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், இணை நோய் உள்ள 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொடங்கியது. இரண்டாவது டோஸுக்குப் பிறகு ஒன்பது மாத இடைவெளி.

மார்ச் 16: இணை நோய் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீக்கப்பட்டது. 60 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் போட்டுக்கொள்ளலாம்.

ஏப்ரல் 10: 18 வயது நிறைந்த எல்லோருக்கும். ஆனால், 60 வயதுக்குக் கீழே என்றால் தனியார் மையங்களில், காசு கொடுத்து.

ஜூலை 6: இடைவெளி ஒன்பது மாதத்திலிருந்து ஆறு மாதமாக, அதாவது 26 வாரமாகக் குறைக்கப்பட்டது.

ஜூலை 15: 18 வயது நிறைந்த எல்லோருக்கும் அரசு மையங்களில் இலவசம். செப்டம்பர் 30 வரை.

ஆகஸ்ட் 12: கோவிஷீல்டு அல்லது கோவாக்சின் போட்டவர்கள், பூஸ்டராக கோர்பிவேக்ஸையும் போட்டுக்கொள்ளலாம்.

12 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு அப்போது பூஸ்டர் இருக்கவில்லை. அவர்கள் இரண்டு டோஸ்களை முடித்திருந்தால் போதுமானதாக இருந்தது. 

தேதியைக் கணக்குப் போட்ட விதம்

பூஸ்டருக்கு நீங்கள் பார்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு தேதி. இரண்டாவது டோஸ் போட்ட தேதி. முதல் டோஸ் தேதி தேவையில்லை. சான்றிதழை டவுன்லோடு செய்த தேதியும் வேண்டாம்.

அந்தத் தேதியோடு 26 வாரங்களை, அதாவது 182 நாள்களைக் கூட்ட வேண்டியிருந்தது. உதாரணமாக, 2022 ஜனவரி 20 அன்று இரண்டாவது டோஸ் போட்டிருந்தால் ஜூலை 21 அன்றே உங்களுக்குத் தகுதி வந்துவிட்டது. இன்னும் சுலபமாக ஒரு கணக்கு: 2022 ஏப்ரல் 1 அன்றோ அதற்கு முன்போ இரண்டாவது டோஸ் போட்டவர்கள் அனைவருக்கும் செப்டம்பர் 30-க்குள் தகுதி வந்துவிட்டது. நம்மில் பெரும்பாலானவர்கள் 2021-லேயே இரண்டாவது டோஸை முடித்துவிட்டோம். 

ஏப்ரல் 1-க்குப் பிறகு போட்டவர்களுக்கு 26 வாரம் முடிவதற்குள் சலுகைக் காலம் முடிந்துவிட்டது. அதற்காக அவசரப்பட்டு முன்கூட்டியே போட முடியவில்லை. கோவின் தளமே அனுமதிக்கவில்லை. தகுதி வந்த பிறகு, அப்போதைய அறிவிப்பைப் பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு கிளம்பியவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு இருந்தது. அவர்கள் போகும் நாட்டின் விதிப்படி முன்கூட்டியே பூஸ்டர் தேவை என்றால், அதற்கு 2022 மே மாதமே அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டது. 

கொரோனா வந்துபோனவங்க என்ன செய்ய வேண்டியிருந்துச்சு?

2022 ஜூன், ஜூலையில் பலருக்கும் வீட்டோடு காய்ச்சல் வந்துபோனது. டெஸ்ட் எடுத்து கொரோனா என்று உறுதியானவர்கள், குணமான நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் பூஸ்டர் போட வேண்டும் என்பது மத்திய அரசின் அப்போதைய வழிகாட்டுதல். தொற்றே உடம்புக்கு ஒரு தற்காலிகப் பாதுகாப்பைக் கொடுத்திருக்கும் என்பதால் இந்த இடைவெளி.

இங்கேதான் ஒரு சிக்கல் இருந்தது. ஜூன் மாதத்துக்குள் குணமானவர்களுக்கு செப்டம்பர் 30-க்குள் மூன்று மாதம் முடிந்துவிட்டது. ஜூலையில் குணமானவர்களுக்கு முடியவில்லை.  மூன்று மாதம் காத்திருந்ததில் அவர்களுக்கு இழப்பு எதுவும் இல்லை, உடம்பில் ஏற்கெனவே பாதுகாப்பு இருந்தது. அதிகபட்ச நஷ்டம், சலுகை முடிந்த பிறகு தனியாரில் கொடுக்க வேண்டியிருந்த அந்த 386 ரூபாய்தான்.

‘டெஸ்ட் எதுவும் எடுக்கலை, சும்மா சளி, காய்ச்சல் மாதிரி இருந்துச்சு’ என்பவர்கள் குழம்ப வேண்டாம். காய்ச்சல் முழுவதும் சரியான பிறகு போய், மையத்தில் இருக்கும் மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் முடிவு செய்வார். ஊசி போடும் நாளில் காய்ச்சல் இருந்தால் போக வேண்டாம்.

எந்த ஊசி? கலந்து போடலாமா?

கோவிஷீல்டு போட்டவர்களுக்கு கோவிஷீல்டு, கோவாக்சின் போட்டவர்களுக்கு கோவாக்சின். இதுதான் அப்போதைய அடிப்படை விதி. இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட அனுமதி இருக்கவில்லை. இரண்டையும் கலந்து போடுவது பற்றி ஆய்வு செய்ய நம் வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்கு 2021 ஆகஸ்ட்டில் அனுமதி கிடைத்தது. ஆனாலும், தடுப்பூசித் திட்டத்தில் அந்தக் கலவை சேர்க்கப்படவில்லை.

2022 ஆகஸ்ட்டில் அனுமதிக்கப்பட்டிருந்த ஒரே கலவை கோர்பிவேக்ஸ். முதல் இரண்டு டோஸ் கோவிஷீல்டாக இருந்தாலும், கோவாக்சினாக இருந்தாலும், 18 வயது நிறைந்தவர்கள் மூன்றாவதாக இதைப் போட்டுக்கொள்ள முடிந்தது. இடைவெளி அதே 26 வாரம்.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? கோவாக்சினில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட முழு வைரஸ். கோவிஷீல்டில், சிம்பன்சிகளுக்கு சளி உண்டாக்கும் ஒரு வகை வைரஸைப் பெருகாதபடி மாற்றி, அதை வாகனமாகப் பயன்படுத்தி கொரோனாவின் முள் புரதத்துக்கான குறிப்பை உடம்புக்குக் கொடுக்கிறார்கள். கோர்பிவேக்ஸில் வைரஸே இல்லை. அந்த முள் புரதத்தின் ஒரு சிறு பகுதி மட்டுமே இருக்கிறது. ஹைதராபாத்தின் பயலாஜிக்கல் இ நிறுவனம் தயாரித்த இந்த ஊசிதான் நம் பள்ளிகளில் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் போடப்பட்டது.

 

‘ஒமைக்ரானுக்குன்னே புது ஊசி வரப்போகுதாமே, காத்திருக்கலாமா?’ என்ற கேள்வியும் அப்போது வந்தது. பழைய வைரஸ், ஒமைக்ரான் இரண்டையும் குறிவைக்கும் மாடர்னா ஊசிக்கு பிரிட்டன் 2022 ஆகஸ்ட் 15 அன்று அனுமதி கொடுத்தது உண்மைதான். உலகிலேயே முதல் அனுமதி அது. ஆனால், அது அப்போது நம் ஊர் மையங்களில் கிடைத்த ஊசி இல்லை. 

எங்கே போட்டாங்க? எப்படிப் பதிவு செஞ்சாங்க?

ஆரம்ப சுகாதார நிலையம், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் இலவசமாகப் போட்டார்கள். தமிழ்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த மெகா முகாம்கள் நமக்கெல்லாம் பழக்கமானவைதான். வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வசதியாக இருந்தது. ஏரியாவில் அடுத்த முகாம் எப்போது, எங்கே என்பதை 104 என்ற மாநில சுகாதார உதவி எண்ணில் கேட்க முடிந்தது. அப்போதைய தேசிய உதவி எண் 1075.

புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. முதல் இரண்டு டோஸ்களுக்குக் கொடுத்த அதே மொபைல் எண்ணில் கோவின் தளத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. ஓ.டி.பி வரும். உங்கள் பெயருக்குக் கீழே இரண்டு டோஸ்களின் தேதியும் ஊசியின் பெயரும் இருக்கும். தகுதி வந்திருந்தால் முன்னெச்சரிக்கை டோஸுக்கான நாளையும் மையத்தையும் அங்கேயே தேர்ந்தெடுக்க முடிந்தது. அதெல்லாம் வேண்டாம் என்றால் நேரடியாக மையத்துக்கே போகவும் முடிந்தது. முதல் டோஸுக்குக் கொடுத்த அதே அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போவது நல்லதாக இருந்தது.

மையத்துக்குப் போன பிறகு திரும்பி வந்தவர்கள் பெரும்பாலும் இந்தப் பிரச்னைகளால்தான் வந்தார்கள். 

முதல் டோஸ் ஒரு எண்ணிலும், இரண்டாவது டோஸ் வேறு எண்ணிலும் பதிவாகியிருந்தால், இரண்டுமே ‘முதல் டோஸ்’ என்று காட்டியது. அப்படி இருந்தால் பூஸ்டர் போட முடியவில்லை. கோவினில் ‘ரெய்ஸ் அன் இஷ்யூ’ என்ற பகுதிக்குள் போனால் இரண்டு சான்றிதழ்களை ஒன்றாக இணைக்கும் வசதி இருந்தது. பெயர், பிறந்த ஆண்டு, பாலினம் தப்பாக இருந்தாலும் அங்கேயே திருத்த முடிந்தது.

பழைய சிம் இல்லாதவர்கள், அடையாள அட்டையுடன் மையத்துக்குப் போய் அங்குள்ள பணியாளரிடம் விவரத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.  புதிதாக இன்னொரு பதிவைத் தொடங்குவது பிரச்னையை இரட்டிப்பாக்கியது.

ஊசி போட்ட பிறகு சான்றிதழை கோவினிலோ, 90131 51515 என்ற அரசின் வாட்ஸ்அப் எண்ணிலோ எடுத்துக்கொள்ள முடிந்தது.

வீட்டுப் பெரியவங்களுக்கு மெசேஜ் உங்க போனுக்குத்தான் வந்துச்சு!

கட்டுரையின் ஆரம்பத்தில் சொன்னோமே, அந்த விஷயம் இதுதான். தாத்தா, பாட்டி, ஊரில் இருக்கும் பெரியப்பா... இவர்களுக்கெல்லாம் 2021-ல் கோவினில் பதிவு செய்துகொடுத்தது யார்? பெரும்பாலும் நீங்கள்தான். அவர்கள் எண்ணுக்குப் பதிலாக உங்கள் எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். ஒரே எண்ணில் நான்கு பேர்வரை பதிவு செய்யலாம் என்றிருந்ததை 2022 ஜனவரியில் ஆறு பேராக உயர்த்தினார்கள்.

இதன் விளைவு என்ன தெரியுமா? ‘உங்களுக்கு முன்னெச்சரிக்கை டோஸ் போடும் நேரம் வந்துவிட்டது’ என்ற குறுஞ்செய்தி பாட்டிக்குப் போகவில்லை. உங்கள் போனுக்கு வந்தது. வங்கி லோன், ரீசார்ஜ் ஆஃபர் மெசேஜ்களுக்கு நடுவே அது படிக்கப்படாமல் கிடந்தது. பாட்டிக்குத் தகுதி வந்ததே பாட்டிக்குத் தெரியவில்லை. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2022 மார்ச் மாதத்திலிருந்தே வாய்ப்பு இருந்தும் போடாமல் இருந்த வீடுகளில் இதுவும் ஒரு காரணம்.

       

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகப் பிரச்னை உள்ள பெரியவர்கள் மருத்துவரிடம் சான்று வாங்கிவர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனால், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை ஊசி போடுபவரிடம் முன்பே சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஊசி போட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் அதிகமாக அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். தினசரி மாத்திரைகளை அன்றைக்கு நிறுத்த வேண்டாம். நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், பகுதி சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லிவையுங்கள். வீட்டுக்கே வந்து போட ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள்.

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள்

மேலே சொன்ன கூடுதல் டோஸ் தேவைப்படும் நோயாளிகளுக்கு அப்போது நம் நாட்டில் தனி அட்டவணை இருக்கவில்லை. அவர்களும் இதே முன்னெச்சரிக்கை டோஸைத்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. எனவே, அவர்கள் ஒரு நாள்கூட தாமதிக்கக் கூடாதவர்களாக இருந்தார்கள். கீமோதெரபி போன்ற சிகிச்சை நடக்கிறது என்றால், எந்த நாளில் ஊசி போட்டால் பலன் அதிகம் என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடமே கேளுங்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் நீங்களும் போட்டுக்கொள்வது அவர்களுக்கு இன்னொரு வேலி.

கர்ப்பிணிகளுக்கு கொரோனா தடுப்பூசி 2021 ஜூலை முதலே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பவர்களும் போட்டுக்கொள்ளலாம். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. மாதத்துக்கு மாதம் செக்கப் போகும்போது மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு நாளை முடிவு செய்துகொள்ளலாம்.

முந்தைய டோஸ் போட்டபோது மூச்சுத்திணறல், முகம் வீங்குதல் போன்ற கடும் ஒவ்வாமை வந்திருந்தால், அதே ஊசியைத் திரும்பப் போடக் கூடாது. மருத்துவரைப் பார்க்காமல் மையத்துக்குப் போக வேண்டாம்.

ஊசி போடும் நாளில்...

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கையைச் சுலபமாக மடிக்கும்படியான சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அப்போது மாஸ்க் கட்டாயமாக இருந்தது. ஊசி போட்டதும் 30 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். அரிதாக வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் தெரியும். ‘எனக்கு ஒண்ணும் ஆகலை’ என்று பத்தாவது நிமிடத்தில் பைக்கை எடுக்காதீர்கள்.

அன்றிரவோ மறுநாளோ கை வலி, காய்ச்சல், உடம்பு வலி, அசதி வரலாம். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும். ஊசிக்கு முன்னாலேயே ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று மாத்திரை போட வேண்டாம். மறுநாள் முக்கியமான இன்டர்வியூ, தேர்வு இருந்தால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

சில அறிகுறிகளை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. ஊசி போட்ட 20 நாள்களுக்குள் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, கை கால் வலி அல்லது வீக்கம், விடாத வயிற்று வலி, கடும் தலைவலி, பார்வை மங்குதல், வலிப்பு, ஊசி போட்ட இடம் தவிர மற்ற இடங்களில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவை வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குறிப்பாக கோவிஷீல்டு போட்டவர்களுக்கு மத்திய அரசு 2021 மே மாதம் கொடுத்த அறிவுரை இது. அப்போது நடந்த ஆய்வில், ரத்தம் உறைதல் தொடர்பானதாக இருக்கலாம் எனக் கருதப்பட்ட பாதிப்புகள் 10 லட்சம் டோஸ்களுக்கு 0.61 என்ற அளவில் இருந்தன. மிக அரிது. ஆனால், தெரிந்துவைத்திருந்தால் நேரத்தை வீணாக்காமல் ஓடலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீரியட்ஸ் நேரத்தில் போடலாமா? தாராளமாகப் போடலாம். முன்னும் பின்னும் ஐந்து நாள்கள் போடக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய தகவலை, தவறானது என்று அரசே 2021-ல் மறுத்துவிட்டது.

ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டுப் போடலாமா? தேவையில்லை. அந்த எண்ணை வைத்து பூஸ்டரைத் தள்ளிப்போடச் சொல்லும் வழிகாட்டுதல் எதுவும் இல்லை. டெஸ்ட் செலவுதான் மிச்சம்.

ரத்த தானம் செய்யலாமா? ஊசி போட்டு 14 நாள்கள் கழித்துச் செய்யலாம். தானம் செய்யும் எண்ணம் இருந்தால், ஊசிக்கு முன்பே கொடுத்துவிட்டு வருவது இன்னும் நல்லது.

ஜிம்முக்குப் போகலாமா? காய்ச்சலும் கை வலியும் இருக்கும்வரை கனமான எடைகளைத் தூக்க வேண்டாம். சரியான பிறகு வழக்கம்போலப் போகலாம்.

‘பூஸ்டர் போட்டீங்களா? ஓ.டி.பி சொல்லுங்க’ என்று போன் வந்தால்? உடனே கட் செய்யுங்கள். சுகாதாரத் துறை உங்களை அழைத்து ஓ.டி.பி கேட்காது. வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றுவதற்கான வலை அது. பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். பெரியவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

பூஸ்டர் போட்டாச்சு, மாஸ்க்கைக் கழட்டிடலாமா? பஸ், ரயில், மருத்துவமனை, திருமண மண்டபம் என்று கூட்டம் இருக்கும் இடங்களில் மாஸ்க் அப்போதும் தேவைப்பட்டது. காய்ச்சல், இருமல் இருக்கும்போது பாட்டி வீட்டுக்குப் போகாமல் இருப்பதும் ஒரு தடுப்பு மருந்துதான்.